பல் வைத்தியருக்கு மொழிபெயர்த்த நாள்

சுங்கத் திணைக்களத்தில் இரண்டு நாள் லீவு போட்டேன்.
நாளுக்கு ஐயாயிரம், பகல் சாப்பாடு,
கழுத்தில் தொங்க ஓர் அட்டை;
அதில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

பாடசாலை மண்டப மேடையில்
இரண்டு கொடிகள், நடுவில் குலுக்கும் கைகள்.
எந்தக் கை எவருடையது என்று தெரியாதபடி
மணிக்கட்டோடு வெட்டி அச்சடித்திருந்தார்கள்.
கேற்றில் கட்டிய பதாகையை
கோட்டையிலிருந்து இறங்கிவந்த புள்ளிமான் ஒன்று
மூலையிலிருந்து மென்றுகொண்டிருந்தது.
பின்னேரத்துக்குள் 'இலவசம்' வரைக்கும் வந்துவிடும்.

முதல்நாள் எங்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போய்
தேநீரும் உப்பு பிஸ்கட்டும் தந்தார்கள்.
வெயிலில் காது சிவந்த இளம் அதிகாரி
வரைபட மேசையைக் காட்டினான்.
தண்ணீர் முழுக்க எண்கள்,
சீனிக்கு வந்த எறும்பைப் போல.
சோபர் தீவைச் சுற்றி, சீனக்குடாவில்
எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் கரையோரம்,
கொட்டியாரக்குடாவின் வாய்க்குள், அதற்கும் அப்பால்
விரல் வைக்க இடமில்லாமல் எண்கள்.
"எவ்வளவு ஆழம், பார்த்தீங்களா?" என்றான்
பெண்பார்க்க வந்த வீட்டில்
மாப்பிள்ளையின் மாமன் பேசும் குரலில்.

கரை மட்டும் வெறும் மஞ்சள்.
கட்டைபறிச்சானைத் தேடினேன்.
மூதூர் இறங்குதுறை இருந்தது.
மாலுமி குறிபார்க்க ஒரு கோபுரம் இருந்தது.
மிச்சமெல்லாம் மஞ்சள்.

நாற்பத்தேழாம் இலக்கம். நேசமலர்.
கீழ்க் கடைவாய்ப் பல், வேர்வரை பழுது.
நாற்காலியில் சாய்ந்தவ வாயைத் திறக்கவில்லை.
திறந்தது பேசுவதற்கு:

"தங்கச்சி, இந்த ஐயாட்டக் கேட்டுச் சொல்லு.
எங்கட பொடியன ஏத்திக்கொண்டு போன படகு
இவங்கட நாட்டுப் படகு.
சாம்பல் நிறம், ரெண்டு மோட்டர்,
குடுத்தவங்கட பேர் பித்தளைத் தகட்டில இருந்தது.
நான் நீந்தினாப்போல கிட்டப் போய்ப் பாத்தனான்.
ஏன் குடுத்தவங்கள்?
அதுக்குப் பிறகும் ஏன் குடுக்கிறாங்கள்?
சண்டைக்குக் கேக்கேல்ல. அறியத்தான்."

வைத்தியர் என்னைப் பார்த்தார்.
நல்ல மனுசன். காலையிலிருந்து
ஒவ்வொரு பிள்ளைக்கும் முழங்காலில் குனிந்தவர்.
அவருக்குப் பின்னால் நம்முடைய கடற்படை அலுவலர்
போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு.
எனக்குப் பெஞ்சன் வர இன்னும் ஒன்பது வருசம்.

"வலிக்குமா என்று கேட்கிறா" என்றேன்.

அவர் சிரித்தார். "முதலில் கொஞ்சம்.
பிறகு மரத்துப்போகும்.
ஆடாமல் அசையாமல் இருந்தால்
சுருக்காக முடித்துவிடலாம் என்று சொல்லுங்கள்."

"என்னவாம்?"

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நேசமலர் கூரையின் விசிறியைப் பார்த்தபடி
கனநேரம் இருந்தா.
"உள்ளதைத்தான் சொல்லுறார்" என்றா.
பிறகு வாயைத் திறந்தா.

பிடுங்கிய பல்லைத் தரச்சொல்லிக் கேட்டா.
அதைச் சரியாகவே மொழிபெயர்த்தேன்.
கழிவெல்லாம் கப்பலுக்குத் திரும்ப வேண்டும், அது விதி.
அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்,
கையுறையின் ஒரு விரலை வெட்டி
அதற்குள் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் சம்பளத் தாளில்,
'பிழையின்றி மொழிபெயர்த்தேன்' என்ற வரிக்குக் கீழே
கையெழுத்துப் போட்டேன். பத்தாயிரம்.
அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அன்றைக்கு அவ மூன்று மணி மூதூர்ப் படகைப் பிடித்திருப்பா.
கன்னத்தில் பஞ்சு, சேலைத் தலைப்பில் அந்த விரல்.
காற்றில்லாத நாள், தண்ணீர் கண்ணாடி.
அந்த எண்களுக்கு மேலாலதான் போயிருக்கும் படகு.