மூன்றரை அடிக் கம்பி

முனீசுவரன் கோயில் தெருவில்
எனாமல் தூக்குகளுக்கும் கழற்றிய கதவுக் கொண்டிகளுக்கும் நடுவே
சுருட்டி மாட்டியிருந்தது.
"கொடிக்கம்பி சார், துரு ஏறாது.
முந்நூறு குடுங்க."
வயிரவன் விசிறிக்கொண்டே சொன்னார்.

கொழுந்தியாள் கல்யாணத்துக்குக்
காரைக்குடி வந்தவன் நான்.
மீனம்பாக்கத்தில் பத்தொன்பது வருஷம்
எஞ்சினின் இடுப்பில் இதைக் கட்டிய கை.
முனையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது.

கம்பியில்லை, குழாய்.
ஈர்க்குப் பருமன்.
உள்ளே ஒற்றை நரம்பு,
நரம்பைச் சுற்றி உப்பு ஊறிய பீங்கான்.
குளிர்ந்திருக்கும்வரை உப்பு யாரையும் கடக்க விடாது.
எங்காவது ஒரு விரற்கடை சுட்டால் போதும்,
அங்கே மட்டும் உருகி வழிவிடும்.
மின்சாரம் நரம்பிலிருந்து தோலுக்குத் தாவும்.
முப்பதாயிரம் அடியில் மணி அடிக்கும்.
ஆறினால் உப்பு இறுகிக்கொள்ளும்
ஒன்றும் நடக்காத மாதிரி.

கிளம்பும் முன் விமானி பொத்தானை அழுத்தி விசாரிப்பார்.
ஒரு தடவை குரல் கொடுக்கும்.
அப்புறம் வழி முழுக்க வாய் திறக்காது.

இரட்டையாகத்தான் ஓட்டுவோம்.
ஒன்று கத்தினால் பழுது,
இரண்டும் கத்தினால்தான் தீ.
ஒன்றை ஒதுக்கிவிட்டுப் பறக்கவும் விதி இடம் கொடுக்கும்,
பத்து நாள்.
அப்படி ஒரு நாலாம் நாள்
மிச்சமிருந்த ஒன்றைக் கவ்வியில் பூட்டியவன்
உறை போட மறந்தான்.
அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்து
தோல் நரம்பைத் தொட்டது.
கேப்டன் நொரோன்யா எஞ்சினை அணைத்து
இரண்டு குப்பி வாயுவையும் அடித்து
நூற்று நாற்பத்தேழு பேரோடு திரும்பி இறங்கினார்.
மூடியைத் திறந்தோம்.
புகைகூட இல்லை.
கையெழுத்து என்னுடையது.
யாருக்கும் கீறலில்லை என்றார்கள்.
ஏணியடியில் ஒரு அம்மாள்
ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரம்.
வயிரவன் கடைக்குச் சூடம் சுற்றி வாசலில் வைத்தார்.
பையில் எப்போதும் கிடக்கும் மீட்டரை எடுத்தேன்.
ஒரு முனை நரம்பில், மறு முனை தோலில்.
எண்ணே இல்லை.
கம்பியின் வயிற்றைச் சூடத்தின்மேல் பிடித்தேன்.
ஐந்து மூச்சு. ஆறு.
எண்கள் சரிந்தன,
படிக்கட்டில் உருண்ட சில்லறை.
சூடம் அணைந்தது.
சரிந்ததெல்லாம் மெல்ல ஏறித் தன் இடம் போனது.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவர்
"உசுரு இருக்கா?" என்றார்.
இருக்கு என்றேன்.

"அப்ப ஐந்நூறு."