பதினேழாம் பக்கத்திலிருந்து

எங்களுக்கு வாரம் ஞாயிறில் தொடங்கும்.
கூரியர் பையன் வைத்துப்போன ஏழு உறைகளில்
ஒன்று மட்டும் கனக்கவில்லை.
ஜெர்மனி முத்திரை. குமிழித்தாள்,
அதற்குள் சாம்பல் அட்டைப் பெட்டி,
அதற்குள் நாடா கட்டிய
நாற்பத்தெட்டுப் பக்கச் சிறுநூல்.
தமிழ்.

பஹ்ரைனில், பல்கலைக்கழகக் கீழ்த்தளத்தில்,
வெளி நூலக இரவல் பிரிவில்
ஒன்பது வருடமாக இருக்கிறேன்.
தமிழில் ஒன்று வந்தது அன்றுதான்.
கேட்டிருந்தவள் மஸூமா, முஹர்ரக்காரி,
முதுகலை வரலாறு.
முத்துக்குளித்தவர்களின் கடனைப் பற்றி எழுதுகிறாள்.
"உங்கள் கடல்தானே இது" என்றாள்.
நான் தருமபுரி.
கடலை முதன்முதலில் பார்த்ததே
இங்கே வரும்போது, விமான ஜன்னலில்.
சொல்லவில்லை.

நிபந்தனைச் சீட்டு:
நான்கு வாரம். நீட்டிப்பு கிடையாது.
நகல் எடுக்கக் கூடாது.
நூலகத்துக்கு வெளியே போகக் கூடாது.

பதினாறாம் பக்கம்வரை சரி.
பதினேழிலிருந்து முப்பத்திரண்டுவரை
மேல்விளிம்பு பிரியவே இல்லை.
அச்சகத்தில் மடித்த தாள் மடித்தபடி.
கீழிருந்து எட்டிப் பார்த்தால்
குழாய்க்குள் தெரிவதுபோல
"ரூபாய்" என்று ஒரு சொல்.
அவ்வளவுதான்.

"நம் புத்தகம் இல்லை, கை வைக்காதே"
என்றார் மேலாளர் ஹனான்.
கடிதம் எழுதினேன்: வெட்டலாமா?
ஒன்பது நாள் பதில் இல்லை.
நான்கு வாரத்தில் ஒன்பது நாள்.
மஸூமா தினமும் வந்து
மூடிய பக்கங்களைப் பார்த்துவிட்டுப் போனாள்,
ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போவதுபோல.

பத்தாம் நாள் பதில்:
"நூறு வருடத்துக்கு மேல் எங்களிடம் இருக்கிறது.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
மழுங்கிய கத்தியால் வெட்டுங்கள்.
கூர்க்கத்தி தாளுக்குள் இறங்கிவிடும்."

தேநீர் அறையிலிருந்து
வெண்ணெய்க் கத்தியைக் கொடுத்தாள் மேரிசெல்.
சிப்பி திறப்பதுபோல என்று
யாராவது எழுதிவிடுவார்கள்.
அப்படி இல்லை.
காய்ந்த ரொட்டி அறுப்பதுபோல இருந்தது.
மேசையில் உதிர்ந்தது வெளிறிய தூள்.

பிறகு மதிய உணவு வேளைகள்.
நான் தமிழில் வாசிப்பேன்,
எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொல்வேன்,
அவள் பென்சிலால் எழுதுவாள்.
சலாபத்துக் கணக்கு. எண்ணெய், கயிறு, கல்.
பாதிச் சொற்கள் எனக்கே புரியவில்லை.
இருபத்து மூன்றாம் பக்கத்தில்
"பகரீன் தேசத்துக் குளியாட்கள் பதினொருவர்"
என்று வந்ததும் நிறுத்தினேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
மேலே படித்தேன்:
"சாலிம், அரிசிக்குப் பற்று மூன்று ரூபாய்.
துணிக்கு ஒன்றே கால்.
பாக்கி ஏழு ரூபாய் நாலணா."

"என்ன சொன்னாய்?"
சாலிம்.
"இல்லை, கடைசியில்."
பாக்கி.
"அதை மாற்றிச் சொல்லாதே, தமிழில் சொல்."
தமிழில்தான் சொன்னேன்.
"பாக்கி" என்றாள், தொண்டையின் அடியிலிருந்து,
மிச்சத்துக்கு அவர்கள் சொல்கிற மாதிரி.
பாக்கி என்றேன், எங்கள் ஊர் மளிகைக்கடையில்
நோட்டைப் புரட்டிக்கொண்டு சொல்கிற மாதிரி.
எப்போது வாங்கினோம், யாரிடம்,
ஒரு சீட்டும் இல்லை.

சாலிம் அடைத்தானா என்பதற்காக
முப்பத்திரண்டுவரை தேடினோம்.
நாற்பத்தெட்டுவரையும் தேடினோம்.
பெயர் திரும்ப வரவில்லை.

கெடுவுக்கு ஒருநாள் முன்பே கட்டிவிட்டேன்.
படிவத்தில் ஒரு கேள்வி,
திரும்பும்போது நூலின் நிலை.
இரண்டே கட்டங்கள்:
வந்தபடியே. சேதம்.
ஹனான் முதல் கட்டத்தைக் காட்டினார்.
பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
இரண்டையும் விட்டு ஓரத்தில் எழுதினேன்:
பதினாறு பக்கம், படித்தோம்.

பெட்டி போயிற்று.
தூளைத் துடைக்கத் துணி தேடும்போது
அடுத்த உறை வந்தது.
பாலக் கட்டுமானம், இரண்டு தொகுதி,
மூன்று கிலோ.