புதையல் மணல்

மாங்குளத்துச் சந்தியால் திரும்பி
மண் றோட்டில் இரண்டு கட்டை.
பாலை மரங்களுக்கு மேலால்
ஒரு கப்பலின் பாய்மரம் தெரிந்தது.

கடல் இங்கே இல்லை.
கிழக்கே பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்.
ஆனாலும் ஒலிபெருக்கியில் அலை அடித்தது,
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
அதே கடற்காகம் கத்தியது.

வாசலில் மண்டையோடு.
கீழே குறுக்காக இரண்டு எலும்பு.
நாங்கள் ஆறு பேரும்
ஒருவருக்கொருவர் சொல்லாமல்
நின்றுவிட்டோம்.
பின்னால் வந்த குடும்பம் எங்களில் மோதியது.
"என்னக்கா, ரிக்கற் உள்ளுக்கை" என்றான்
ஒரு கண்ணைக் கறுத்தத் துணியால் கட்டிய பொடியன்.
தவரூபிதான் முதலில் சிரித்தாள்.
சிவப்பு முக்கோணம் இல்லை,
போகலாம் போல.

ஆளுக்கு எண்ணூறு ரூபாய்.
ஆடும் கப்பலுக்கு வேறாக முந்நூறு.
அதில் கொன்சலற்றா ஒரு செருப்பை இழந்தாள்,
விமலகாந்தி காலைச் சாப்பாட்டை.
எனக்கு உச்சியில் இருந்து
குளக்கட்டு தெரிந்தது, தகரக் கூரைகள்,
அங்கால் போன வருடம்
நாங்கள் முடித்துக் கொடுத்த நிலம்.
யாரோ உழுந்து விதைத்திருக்கிறார்கள்.
வடிவாகப் பார்க்கமுதல் கப்பல் விழுந்தது.

சீமெந்துக் குகைக்குள் ஒரு சுறா,
அதன் கடைவாயில் குருவிக் கூடு.
மூன்று மணிக்குப் பீரங்கி புகை விட்டது.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள்
கொஞ்சம் பிந்திக் கைதட்டினார்கள்.

கடைசியில் புதையல் மணல்.
பத்தடிக்கு இருபதடி.
மஞ்சள் பிளாஸ்ரிக் தடி ஒன்று தருவார்கள்,
தகரம் கண்டால் கீக் என்னும்.
ஒரு சின்னப் பையன் அதைத் தும்புத்தடி மாதிரி
விசுக்கிக்கொண்டு ஓடினான்.
எனக்கு அடிவயிறு பிசைந்தது.

ஆறு தடி வாங்கினோம்.
எவரும் திட்டமிடவில்லை, சத்தியமாக.
விளிம்பில் முழங்காலில் இருந்தோம்,
இடைவெளி தானாக வந்தது.
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
பிறகு ஒரு சாண் முன்னே.
கீக் என்றால் தடியை வைத்துவிட்டு
விரல் பக்கவாட்டில் போகும்,
மேலிருந்து அல்ல,
அடைக்கோழிக்குக் கீழே கை விடுகிற மாதிரி.
சனம் கூடியது. யாரோ வீடியோ எடுத்தார்கள்.

பதினொரு நிமிடத்தில் மணல் முடிந்தது.
மஞ்சள் பூசிய தகரக் காசு நாற்பது,
சோடா மூடி எட்டு, ஒற்றைத் தோடு,
கொண்டைக் கிளிப்,
பச்சை பிடித்த ஒரு வெற்று ரவைக் கோது.
தவரூபி அதை உள்ளங்கையில் வைத்து
"மணல் எங்கையிருந்து ஏத்தினது?" என்று கேட்டாள்.
பொடியன் கண்கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.
இரண்டும் நல்ல கண்.
அவனுக்குத் தெரியாது.

மனேச்சர் வந்தார், கொக்கிக் கையோடு.
"கிழமை முழுக்கக் காணுற காசு, பிள்ளையள்.
நாளைக்கு வாறவைக்கு
நான் என்னத்தைப் புதைக்கிறது?"
கொன்சலற்றாவுக்குச் சிரிப்பு வந்தது.
நிற்கவேயில்லை.
ஒற்றைச் செருப்போடு மணலில் குந்தி
கண்ணால் தண்ணீர் ஓடும்வரை சிரித்தாள்.

ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கிளி தந்தார்கள்.
காசைத் திரும்பப் புதைக்க
நாங்களே உதவினோம்.
அதுதான் பாடாய்ப் போனது.
வைத்துவிட்டு எழும்ப
முழங்கால் சம்மதிக்கவில்லை.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்
ஒரு சிவப்புத் தடியைத் தேடியது கை.

பஸ்ஸில் விமலகாந்தி மெல்லச் சொன்னாள்:
"முப்பத்தொன்பதுதான் தாண்டது.
நான் எண்ணினனான்."
பைகளைக் கவிழ்த்தோம்.
கிளிகளைக் குலுக்கினோம்.
சீற்றுக்குக் கீழே தொலைபேசி வெளிச்சம் பிடித்தோம்.
கொண்டக்ரர் கேட்டதற்கு
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முறிகண்டியில் பஸ் நின்றது.
கச்சான் வாங்க
நாங்கள் இறங்கவில்லை.