நான்காம் தட்டு

குவெல்ஃப், பிப்ரவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
வளர்ப்பறைக்குள் என்றைக்கும் இருபத்திரண்டு.
பதினாறு மணிநேரம் பகல்,
பிறகு ஒரு சொடுக்கில் இரவு.
கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு
லெட்டூஸ் கன்றுகளின் உயரம் அளக்கிறேன்.
மில்லிமீட்டரில்தான் குறிக்கவேண்டும்.
என் சம்பளமும் அப்படித்தான் வளர்கிறது.

மண் பிராட்ஃபோர்ட் சதுப்பிலிருந்து வந்தது.
கெரிட் போஸ்மா தன் டிரக்கிலேயே கொண்டுவந்து இறக்கினார்,
பன்னிரண்டு வாளி.
கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு,
நகக்கண்ணில் புகுந்தால் மூன்று நாள் போகாது.
பக்கத்து வயலில் கழிவுநீர்ச் சேறு போடுகிறார்களாம்.
நானும் போடலாமா, என்றார்.
அவ்வளவுதான் கேள்வி.

அதைப் பொலன்லே ஐந்து தட்டுகளாகப் பிரித்தாள்.
ஒன்றில் வெறும் மண். இரண்டில் காட்மியம் மட்டும்.
மூன்றிலிருந்து ஐந்துவரை, ஏறுகிற அளவில்,
டைட்டானியத் துகள்கள்:
சுவரின் வெள்ளைச் சாயத்தில் இருப்பவை,
வெயில் களிம்பில் இருப்பவை,
குளிக்கையில் கழன்று சாக்கடைக்குள் போகிறவை.
அவற்றின் மேல் அதே காட்மியம், தொற்றிக்கொண்டு.

எவ்வளவு சிறியது என்று கெரிட் கேட்டார்.
சிறியதென்றால் கடுகு என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு.
கடுகு இவற்றுக்கு இமயமலை.
ஒரு தலைமயிரின் குறுக்கே
இரண்டாயிரம் பேர் தோளோடு தோள் நிற்கலாம்,
ஒவ்வொருவர் முதுகிலும் மூட்டையோடு.

வெறும் காட்மியத்தை மண்ணுக்குத் தெரியும்.
மக்கிய கறுப்பு அதை வழியிலேயே மறித்துக்
கொஞ்சத்தையாவது உட்காரவைத்துவிடும்.
இந்த மூட்டைக்காரர்களை அது விசாரிப்பதில்லை.
பக்கவேர் கிளைக்கும்போது தோல் கிழியுமே,
அந்தக் கீறல் மூடுவதற்குள்
உள்ளே போய்விடுகிறார்கள்.
தண்ணீரோடு தண்ணீராக
வேர் குடித்துவிடுகிறது.

நான்காவது வாரம்.
இரண்டாம் தட்டில் நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள்.
ஐந்தாம் தட்டைப் பிடுங்கினேன்:
குட்டையாக, பழுப்பாக, நுனி தடித்து,
சூடுபட்ட விரல் போல ஒரு வேர்.
மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
நான்காவதோ
விளம்பரத்துக்கு நின்றது.
அகன்ற இலை, மடிப்பு மடிப்பாக ஓரம்,
வெறும் மண்ணில் வளர்ந்ததைவிட
இருபத்தேழு மில்லிமீட்டர் கூடுதல்.

பார்க்க வந்த கெரிட் நேரே அதனிடம்தான் போனார்.
"இதில் என்ன போட்டீர்களோ
அதையே எனக்கும் கொடுங்கள்" என்றார்,
பாதி விளையாட்டாக.
இலையைக் கிள்ளப் போன கையைப் பொலன்லே தடுத்தாள்.

இலைகளை அமிலத்தில் கரைத்து
ஆர்கான் சுடருக்குள் அனுப்பினோம்.
வியாழன் இரவு எண்கள் வந்தன.
வாடிய இரண்டாம் தட்டைவிட
செழித்த நான்காம் தட்டில்
இரண்டரை மடங்கு காட்மியம்.

"பச்சைப் பொய்" என்றேன்,
யாருமில்லாத அறையில், தமிழில்.

காலையில் கெரிட்டுக்குப் போன் செய்யும்போதுதான்
அந்தச் சொல் உதவாதென்று தெரிந்தது.
அவர் பேசும் மொழியில் பொய்யின் நிறம் வெள்ளை,
யாரையும் நோகடிக்காத சின்னப் பொய் அது.
"நன்றாகத்தான் வளர்ந்தது" என்று தொடங்கினேன்.
மீதியையும் சொன்னேன்.
மறுமுனையில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
"போன கோடையில்
பக்கத்து வயல் காரட்
அவ்வளவு நன்றாக வந்ததே" என்றார்.
அதை நான் அளக்கவில்லை, என்றேன்.
வேறென்ன சொல்ல.

தட்டுகளை மஞ்சள் பைகளில் கட்டி
ஆபத்து முத்திரை ஒட்டினேன்.
நான்காவது பைதான் கனம்.

ஒருமுறை செய்தது போதாது, இன்னும் இரண்டு தடவை வேண்டுமாம்.
திங்கட்கிழமை மறுபடி விதைக்கிறோம்.
எல்லாத் தட்டுக்கும் ஒரே பொட்டலம், ஒரே விதை.
இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கும்போது
எது எங்கே போகிறது என்று
நான் உற்றுப் பார்ப்பதில்லை.