அளவு நோட்டு

கோல கெட்டில் பஸ் நிற்குமிடத்துக்கு எதிர்வரிசையில்
பழக்கடைக்கும் நம்பர் கடைக்கும் நடுவே என் கடை.
இரண்டு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி,
நீல அட்டை நோட்டு ஒன்று.
இந்த ஊர் உடம்பெல்லாம் அதில் இருக்கிறது,
அங்குலத்தில்.

மார்ச்சில் ஆரோக்கியநாதனுக்கு இடுப்பு நாற்பத்திரண்டு.
ஜூலையில் முப்பத்தேழு.
"டயட்டா அண்ணே?"
"எங்க. ரொட்டி சானாய் மூணு சாப்பிட்டாலும் பசிக்குதும்மா."
செக்யூரிட்டி கால்சட்டையை இரண்டு தடவை பிடித்துக் கொடுத்தேன்.
கூலி எட்டு வெள்ளி.
காத்திருந்த நேரத்தில்
என் மினரல் வாட்டர் போத்தலை முழுசாகக் குடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்டார்.
இளைத்தது நல்லதுக்குத்தான் என்று
நானும் சொன்னேன்.

பள்ளிச் சீருடைக்கு வந்த பிள்ளை கவிநிலா, வயது பதின்மூன்று.
தோள் அளக்கப் பின்னலை ஒதுக்கினால்
பிடரியில் பட்டையாய்க் கறுப்பு,
வெல்வெட் துணியைத் தடவினாற்போல்.
அவள் அம்மா கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
"ஒழுங்கா குளிச்சாத்தானே."
பிள்ளை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தது.
நான் ஒரு சோப்பின் பேரைச் சொன்னேன்.

எனக்கா?
எனக்கு ஒன்றுமில்லை.
ஊசியில் நூல் ஏறவில்லை, டியூப் லைட்டை மாற்றினேன்.
காலையில் தெளிவாகத் தெரிந்த தையல்
சாயங்காலம் தண்ணீருக்குள் கிடந்தது,
பசார் மாலாமில் பதினைந்து வெள்ளிக்குக் கண்ணாடி வாங்கினேன்.
மெஷினை மிதிக்கிற பாதத்தில் மரமரப்பு,
மெஷின் பழசு என்றேன்.
மருந்துக்கடைப் பையனிடம் சொல்லக் கூசிப்
பவுடர் போட்டு அடக்கிய அரிப்பு ஒன்று.
இரவில் மூன்று தரம் எழுந்து போனால்
கக்கூஸ் விளிம்பில் சிற்றெறும்பு வரிசை.
மருந்தடித்தேன்.
எறும்புக்குத் தெரிந்திருந்ததை
அப்படியே கழுவி ஊற்றினேன்.

டிசம்பரில் ஆரோக்கியநாதனின் மனைவி வந்தாள்.
அதே கால்சட்டை, பிளாஸ்டிக் பையில்.
"பூட்ஸ் கடிச்ச புண்ணு. வலிக்கவே இல்லையாம்.
சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க.
இடது பக்கத்தை முட்டிக்குக் கீழ மடிச்சுத் தச்சுக் குடு."
நோட்டைத் திறந்தேன்.
கால் நீளம் என்று ஒரு கோடுதான் போட்டிருந்தேன்,
இத்தனை வருஷம், எல்லோருக்கும்.
இரண்டாவதாக ஒரு கோடு போட்டேன்.
கூலி வாங்கவில்லை. அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினேன்.
டேப்பை என் இடுப்பில் சுற்றினேன்.
குறைந்திருந்ததா, கூடியிருந்ததா?
எதோடு பார்ப்பது,
நோட்டில் எனக்குப் பக்கமே இல்லை.

மறுநாள் வெறும் வயிற்றோடு அரசாங்கக் கிளினிக்.
எண்பத்தாறாம் நம்பர். முன்னால்
செம்பனை லோரிக்காரர், நெற்றி வியர்க்க,
கையில் பாதி குடித்த இனிப்புத் தேநீர்ப் பை.
மிஸ்ஸி நோர்ஹயாத்தி என் விரலில் குத்தினாள்.
தினமும் ஊசி குத்தும் விரல்தான், பதறியது.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
எத்தனை நாளாகத் தாகம் என்றாள்.
யோசித்தேன். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே.
"அப்போ ஏன் வரல?"
சீசன் வேலை என்றேன், மலாயில்,
அந்த மொழியிலும் அது நொண்டியாகத்தான் நின்றது.

மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு எழுந்தவள்
மறுபடி உட்கார்ந்து
அந்தக் கழுத்துக் கறுப்பைக் கேட்டேன்.
பேனாவை வைத்துவிட்டாள்.
"பாவா டியா சினி. கூட்டிட்டு வா. சும்மா பார்த்துடலாம்."

சீருடைக்குத் துணி மிஞ்சிவிட்டதென்று பொய் சொல்லி
இன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.
பிள்ளை தலைவாரிக் கொண்டிருந்தது.
அம்மாவின் கட்டைவிரல் வாய்க்குப் போய்
ஈரத்தோடு திரும்புகிற நேரம்.
நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
"தேய்க்காதக்கா," என்றேன்,
"அது அழுக்கில்ல."