மூன்றாம் கியரில் இருபது நிமிடம்

செல்லூர் ரவுண்டானாவில், புதன்கிழமை,
மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.
எங்கோ பால் தீய்கிற மாதிரி ஒரு வாடை.
சாவியை எடுத்த பிறகும்
விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

வாங்கும்போது பரணி கணக்குப் போட்டான்:
லிட்டருக்கு இருபத்திரண்டு,
பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதலாய்க் கொடுத்தது
ஐந்து வருடத்தில் கழிந்துவிடும்.
கணக்கில் தப்பில்லை.
நான் ஒரு நாளைக்குப் பதினோரு கிலோமீட்டர்தான் போவேன் என்பது
கணக்கிலேயே இல்லை.

கோரிப்பாளையத்தில் ஒரு தோள்பட்டை,
சிம்மக்கல்லில் ஒரு இடுப்பு,
முனிச்சாலை மாடியில்
சௌந்தரவல்லியம்மாவின் இரண்டு முழங்கால்.
நிறுத்து, கிளப்பு. நிறுத்து, கிளப்பு.
இஞ்சின் சூடேறும் முன்னே
யாராவது ஒருவரின் வாசல் வந்துவிடும்.

பழங்காநத்தம் பட்டறையில் சிக்கந்தர்
ஒரு குழாயைக் கழற்றி விரலை விட்டார்.
விரல் ஈரக்கரியோடு வந்தது.
"இஜிஆர் வால்வு. புகையைத் திரும்ப இஞ்சினுக்கே ஊட்டுற சாமான்.
அடைச்சுக் கெடக்கு.
அங்கிட்டுப் பாருங்க, டர்போ ஹோஸ்ல கீறல்.
விசில் கேக்கலையா உங்களுக்கு?"
கேட்டிருக்கிறேன், பாலம் ஏறும்போதெல்லாம்.
வண்டி உற்சாகமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"கிளட்ச் பாதி போச்சு.
அதுக்கு வண்டியக் குத்தம் சொல்லக்கூடாது,
கீழவெளி வீதியச் சொல்லணும்."

கடைசியாக அந்தப் பெட்டி.
கரியைப் பிடித்து வைத்துத்
தனக்குள்ளேயே எரித்துக்கொள்ள வேண்டியது.
எரிக்கச் சூடு வேண்டும்.
சூட்டுக்குத் தூரம் வேண்டும்.
"மாத்துனா தொண்ணூறாயிரம் மேடம். மாத்த வேணாம்.
வண்டில கோளாறு இல்ல. அது நடக்கல, அம்புட்டுத்தான்.
நாலுவழிச் சாலைல மூணாவது கியரு,
இருபது நிமிசம், நடுவுல நிறுத்தாம.
வாரத்துக்கு ஒருக்கா."

நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்குத் தெரியாது.
அன்று காலைதான் முனிச்சாலையில் சொல்லியிருந்தேன்:
மூட்டுல கோளாறு இல்லம்மா, நீங்க நடக்கல.
"எங்க போய் நடக்குறது?" என்று அந்த அம்மா கேட்டதற்கு
ஒன்றும் சொல்லாமல்
காலை மடக்கி, நீட்டி, எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழு வருடம்.
ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை இந்த வண்டி.
நடுவழி என்கிற இடத்துக்கு
அது போனதே இல்லை.

இரவு பத்தரைக்கு ஒத்தக்கடை தாண்டினேன்.
யானைமலை இருந்த இடத்தில் நட்சத்திரம் இல்லை.
எங்கும் போகாமல் எப்படிக் காரோட்டுவது என்று
முதல் ஐந்து நிமிடம் பிடிபடவில்லை.
கிரானைட் லாரி ஒன்று பின்னாலேயே வந்து
லைட்டை அடித்தடித்துப் பார்த்துவிட்டு விலகிப்போனது.
இஞ்சின் கத்தியது. கத்தட்டும் என்று கால் எடுக்கவில்லை.
சிட்டம்பட்டி சுங்கச்சாவடியில் கம்பம் எழும்பும்வரை உருட்டினேன்,
நிறுத்தவில்லை.

விளக்கு எப்போது அணைந்ததென்று தெரியாது.
பார்த்தபோது இல்லை.

மேலூர் பிரிவில் ஓரங்கட்டி
இஞ்சினை அணைக்காமல் போனை எடுத்தேன்.
கப்பலூர் இரவு ஷிப்டிலிருந்து பரணி:
"சிட்டம்பட்டில காசு புடிச்சிருக்கான். வண்டி திருடு போச்சா?"
"இல்ல. நடக்க வந்திருக்கு."
பின்னால் ஏதோ மெஷின் தட்டும் சத்தம்,
எட்டு தட்டு, ஒன்பது தட்டு.
"இன்னைக்கே திரும்புனா பாதிதான் புடிப்பான்," என்றான்.

திரும்பினேன், நான்காம் கியரில்.
இடதுபக்கக் கண்ணாடி பாதியில் நின்று
மேலே ஏற மாட்டேன் என்றது.
போன மழையில் சுவிட்சுக்குள் தண்ணீர் போனதிலிருந்து இப்படித்தான்.
கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயல்கள்
அந்த அரைச்சாண் வழியாக உள்ளே வந்து
டீசல் வாடையோடு உட்கார்ந்துகொண்டன.

சிக்கந்தரிடம் கொடுக்கப்போகும் சீட்டில்
ஹோஸ், வால்வு, கிளட்ச் எல்லாம் எழுதினேன்.
கண்ணாடியை எழுதவில்லை.