மேற்குச் சுவருக்கு மூன்று சதுரம்

தெருவைப் பார்த்த மேற்குச் சுவரில்
மீட்டருக்கு மீட்டர்
மூன்று சதுரம் பூசிக் காட்டச் சொன்னேன்.
"ரெண்டு வார வேலைய ஆறு மாசம் இழுக்கறீங்களே மேடம்"
என்றார் அய்யனாரப்பன்.
அவருக்கு சிமெண்டில் நம்பிக்கை,
வெள்ளிக்கிழமை காய்ந்து
சனிக்கிழமை கூலி கொடுத்துவிடும் பொருள் அது.

முதல் சதுரம் சிமெண்ட், அதன் மேல்
பத்து வருட உத்தரவாதத்தோடு ஒரு பெயிண்ட்.
அடுத்தது கல் மாதிரி தெரியும், கல் அல்லாத டைல்ஸ்.
கடைசியில்
தொட்டியில் இருபத்தோரு நாள் ஊறிய சுண்ணாம்பு,
சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர்,
ஒரு பிடி மஞ்சள் காவி.

வீட்டில் பாதி என்னுடையது.
மறுபாதி செர்ஜியில் இருக்கிறது,
கஸ்தோன் என்ற பெயரில்.
ஷிஃப்ட் முடிந்து வீடியோவில் வரும்.

"மஞ்சளா அது? எனக்குப் பச்சையாத் தெரியுதே."
ஃபோனை வெயிலுக்குத் திருப்பினேன்.
"இப்ப சாம்பல்."
அவன் திரையில் ஒரு வீடு
என் திரையில் ஒரு வீடு
வீதியில் மூன்றாவதாக ஒன்று,
அதற்குத்தான் வரி கட்டுகிறேன்.

எண்பத்தாறில் அப்பா பூசிய சிமெண்டை
உளி வைத்துத் தட்டியபோது
பின்னாலிருந்த செங்கல்லும் சேர்ந்து
பிஸ்கட் தூளாய் விழுந்தது.
தூளை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டேன்.
குடிநீர்ச் சோதனைக்கூடத்தில்
ஊர்க் கிணறுகளின் உப்பை அளப்பது என் உத்தியோகம்.
கரைத்து, வடிகட்டி,
வெள்ளி நைட்ரேட் மூன்று சொட்டு.
பால் போலத் திரண்டது.

கடற்கரைக்குப் பதினைந்து நிமிட நடை
என்றுதான் வாடகைக்குக் கேட்டவர்களிடம் சொல்லிவந்தோம்.
கடல் தெருவழியே வரவில்லை.
அஸ்திவாரத்துக்கு அடியில் வந்து
செங்கல் செங்கல்லாய் ஏறி
அப்பாவின் சிமெண்டுக்குப் பின்னால்
முப்பத்தெட்டு வருடம்
வெளியே வர வழியில்லாமல் நின்றிருக்கிறது.

குழாயை அய்யனாரப்பனிடம் காட்டினேன்.
"மோர் மாதிரி இருக்கு."
கொஞ்சம் பொறுத்து,
"சிமெண்டு போட்டா நாளைக்கே விழாது மேடம்."
உண்மை. நாளைக்கே விழாது.

ஐப்பசி.
ஒன்பது நாள் மழை, மூன்று நாள் கரண்ட் இல்லை.
இரவில் யாரோ மூன்று சதுரத்துக்கும் சேர்த்து
ஒரே போஸ்டராய் ஒட்டிப் போயிருந்தார்கள்:
மஞ்சள் நீராட்டு விழா,
தாய்மாமன்கள் பதினோரு பேர்,
எல்லோருக்கும் கூலிங்கிளாஸ்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தேன்.
பெயிண்டில் இருந்த ஐந்து மாமன்களும் அசையவில்லை,
அவர்களுக்குப் பின்னால்
பெயிண்டுதான் கொப்புளித்திருந்தது.
டைல்ஸில் மூன்று பேர், அதில் ஒருவர்
டைலோடு தரையில்.
சுண்ணாம்பில் இருந்த மூவரும்
கண்ணாடியோடு கழன்று
வாய்க்காலுக்குப் போய்விட்டார்கள்.
நனைந்து கறுத்திருந்த சதுரம்
மறுநாள் மத்தியானத்துக்குள் வெளுத்தது.
அடியோரம் மட்டும் உப்பு பூத்திருந்தது.
துடைப்பத்தால் கடலைப் பெருக்கினேன்.

தை பிறந்ததும் முழுச் சுவருக்கும் சுண்ணாம்பு.
சதுர அடிக்கு என்ன ஆனதென்று இங்கே சொல்ல மாட்டேன்,
கஸ்தோனிடமும் பாதிதான் சொன்னேன்.
மூன்று வருடத்துக்கொரு முறை மேலே அடிக்கவேண்டும்.
ஜன்னல் கதவுக்குத் தேக்கா அலுமினியமா
என்பது இன்னும் சண்டையில் இருக்கிறது.
சாய்கிறவர்கள் மேல் ஒட்டுகிறது, அதுவும் குறைதான்,
பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர்
இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

நேற்று கஸ்தோன் கேட்டான்,
"கடைசியில என்னதான் கலர்?"
ஆட்டோவுக்குக் காத்திருந்த ஒருவர்
அலுத்துப்போய்ச் சுவரை விட்டு நிமிர்ந்து
நடக்கத் தொடங்கினார். கருநீலச் சட்டை.
ஃபோனை அவர் முதுகுக்குத் திருப்பினேன்.
இரண்டு தோள்பட்டை அகலத்துக்கு எங்கள் வீடு
மிஷன் வீதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தெரியுதா?"

"கொஞ்சம் கிட்டப் போ" என்றான்.